கிளட்ச் பிடித்த கைக்கு நாலு தந்தி

சிங்காநல்லூர்க்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். மோட்டார் பம்ப் உதிரிபாகங்களுக்குக் கடை கடையாக ஏறி ஆர்டர் எடுக்கிற வேலை. திங்கள் பொள்ளாச்சி, உடுமலை, செவ்வாய் காங்கேயம், தாராபுரம், புதன் ஈரோட்டில் தங்கல், வியாழன் பவானி, கோபி, வெள்ளி கரூர். கிட்டத்து ஊருக்கு பைக், எட்டத்து ஊருக்கு பஸ். வயது 43. மகளின் பள்ளி விழாவில் யாரோ யுகுலேலே வாசிக்கக் கேட்டதிலிருந்து மனசு அதிலேயே கிடக்கிறதாம். "இந்த வயசுல, இந்த வேலைல இருந்துக்கிட்டு கத்துக்க முடியுங்களா?" வீட்டம்மா சொன்னதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்: "கேட்லாக் பையத் தூக்கறதுக்கே முதுகு வலிங்கறீங்க, இதையும் தூக்கப் போறீங்களாக்கும்."

முடியும். 22 வருஷம் மருந்து கம்பெனி ரெப்பாக இதே ரோடுகளில் சுற்றியவன் நான். 41 வயதில் வாங்கினேன். அதனால் இசைப் பள்ளிக்காரர் சொல்லும் முறையை விட்டுவிட்டு, ரோட்டில் அலைகிறவனுக்கு என்ன பலிக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

வீட்டம்மாவுக்குப் பதில் முதலில். சாதாரண கிட்டார் ஒரு மீட்டர் நீளம். பஸ்ஸில் அதற்கென்று தனி சீட் கேட்கும். சோப்ரானோ என்கிற சின்ன யுகுலேலே 21 அங்குலம், எடை அரைக் கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அடுத்தது கான்சர்ட், 23 அங்குலம். அதற்கடுத்த டெனர் 26. உங்களுக்கு கான்சர்ட்டைச் சொல்வேன். ஸ்பேனர் பிடித்துப் பழகிய விரல்கள் சோப்ரானோவின் மெட்டுகளுக்குள் நெருக்கியடித்துக்கொள்ளும். வீணையில் மெட்டு என்கிறோமே, அதைத்தான் கிட்டார்க்காரர்கள் ஃப்ரெட் என்கிறார்கள். இந்த 2 அங்குல வித்தியாசத்தில் விரலுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். பைக்கு பாரமும் ஏறாது.

மரம் விஷயத்தில் கடைக்காரர் 'சாலிட் வுட்' என்று ஆசை காட்டுவார். நாதம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் முழுப்பலகை, காற்றின் ஈரப்பதத்துக்குத் தக்கபடி உப்பும், சுருங்கும், வெடிக்கும். நீங்கள் ஒரே வாரத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் பொள்ளாச்சியிலும் இருப்பீர்கள், வறண்டு காயும் கரூரிலும் இருப்பீர்கள். பிளைவுட் போல அடுக்கு ஒட்டிச் செய்த லேமினேட் பலகையே ரோட்டுக்கு ஏற்றது. மூவாயிரம் ரூபாயை ஒட்டி வருவதில் உருப்படியானது கிடைக்கும். ஆயிரத்துக்குத் தருகிறோம் என்பது பெரும்பாலும் பொம்மைதான்.

கடையிலேயே இரண்டு சோதனை செய்துவிடுங்கள். ஒரு தந்தியைத் திறந்தபடி மீட்டுங்கள். பிறகு அதையே 12ஆவது மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். கீழ் ஸட்ஜமும் மேல் ஸட்ஜமும் போல ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் எவ்வளவு சுருதி சேர்த்தாலும் அது பொய் பேசிக்கொண்டேதான் இருக்கும். இன்னொன்று, முதல் மெட்டில் அழுத்திப் பாருங்கள். விரல் நுனி வெளுக்கிற அளவுக்கு அழுத்த வேண்டியிருந்தால், தலைப்பக்கத்தில் தந்திகள் உட்காரும் 'நட்' உயரமாக இருக்கிறது என்று பொருள். வேறு ஒன்றைக் கேளுங்கள். புதிதாகக் கற்கிறவர்கள் பாதிப் பேர் 'எனக்கு விரல் பலம் போதாது' என்று நினைத்துக் கைவிடுவது இந்த ஒரு குறையால்தான் என்பது என் கணிப்பு.

வெயிலைப் பற்றி நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஏப்ரலில், கரூரில், டாக்டரைப் பார்க்கப் போனபோது யுகுலேலேயை காரின் பின்சீட்டில் விட்டுவிட்டுப் போனேன். மூடிய காருக்குள், வெயில் நேராக விழும் இடம் 60 டிகிரியைத் தாண்டிப் போகும். பசை இளகி, தந்திகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜ் கட்டை பலகையிலிருந்து பெயர்ந்து வந்துவிட்டது. தப்பு என்னுடையது. அன்றிலிருந்து காரில் எதை விட்டாலும் அதை மட்டும் விடுவதில்லை. பைக் ஓட்டுகிறவருக்கும் இதே விதிதான்: டேங்க் கவரில் வைத்து வண்டியை வெயிலில் நிறுத்தாதீர்கள், கடைக்குள் போகும்போது தோளிலேயே போகட்டும். "கொளந்தைக்கு வாங்குனீங்களா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள், பேச்சு சீக்கிரம் முடியும். பைக்கில் மாட்டும்போது முதுகில் குறுக்காக, தலைப்பக்கம் தோளுக்கு மேல் நீட்டாதபடி மாட்டுங்கள். பஸ்ஸில் மேல் தட்டு வேண்டாம். அரசு பஸ் பிரேக் போடும் தினுசு தெரிந்ததுதானே. மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனி ஆடியில் பொள்ளாச்சிப் பக்கம் போகிறவர் பைக்குள் ஒரு பெரிய பாலித்தீன் கவர் மடித்து வைத்திருக்க வேண்டும்.

அலைகிறவனுக்கும் சின்ன வாத்தியத்துக்கும் உறவு பழையது. நீங்கள் செவ்வாய்தோறும் போகிற காங்கேயம் வட்டாரத்திலேயே உடுக்கடிப் பாட்டுக்காரர்கள் அண்ணன்மார் கதையை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். ஒரு கையில் அடங்கும் உடுக்கை. அதன் நடுக்கயிற்றை இறுக்கியும் தளர்த்தியும் நாதத்தை வளைப்பார்கள். 1965இல் பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் அந்தப் பக்கம் தங்கி இந்தக் கதையைப் பதிவு செய்தபோது அது 18 இரவு ஓடியது. பாவலர் வரதராஜன் குழுவும் அப்படித்தான். பதினான்கு வயதுப் பையனாகத் தன் அண்ணன் பாவலரின் குழுவோடு கிளம்பிய இளையராஜாவுக்கு ஆர்மோனியம் கைவந்தது கட்சி மேடைகளிலும் திருவிழாக்களிலும்தான். தன்ராஜ் மாஸ்டரிடம் முறையாக உட்கார்ந்து படித்தது 1968இல் சென்னைக்கு வந்த பிறகு. உங்களையும் என்னையும் அவரோடு சேர்த்துப் பேசவில்லை; முதலில் ரோடு, பிறகு பாடம் என்ற வரிசையும் செல்லும் என்பதற்காகச் சொன்னேன்.

யுகுலேலேயும் கூலிக்குக் கப்பலேறியவர்களோடு வந்ததுதான். 1879 ஆகஸ்டில் 'ரேவன்ஸ்கிராக்' என்ற கப்பல் போர்ச்சுகலின் மடெய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஹவாயின் ஹொனலுலுவில் இறங்கியது. அதில் மானுவல் நூனெஸ் உள்ளிட்ட மூன்று மரவேலைக்காரர்கள் இருந்தார்கள். தங்கள் ஊரின் நாலு தந்தி வாத்தியத்தை அங்கே கிடைத்த கோவா மரத்தில் செய்து பார்த்தார்கள். ஹவாய் அரசர் காலாகௌவாவே அதை விரும்பி ஆதரித்தார். பெயருக்குத் துள்ளுகிற தெள்ளுப்பூச்சி என்று அர்த்தம் சொல்வார்கள், விரல் தாவும் வேகத்தைப் பார்த்து வைத்ததாம்.

சரி, கையில் எடுத்தாயிற்று. முகத்துக்குக் கிட்ட இருக்கும் தந்தியிலிருந்து தரையைப் பார்க்கும் தந்தி வரை ஜி, சி, இ, ஏ. நம் கணக்கில் சி-யை ஸட்ஜமாக, அதாவது ஒரு கட்டையாக, வைத்துக்கொண்டால் ப, ஸ, க, த. முதல் தந்தி அடுத்த இரண்டையும்விட ஒலி உயர்ந்தது. கிட்டார், வீணை பார்த்த கண்ணுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும். அந்தத் துள்ளல் ஒலியே இதிலிருந்துதான் வருகிறது, மாற்ற வேண்டாம்.

ப, ஸ, க, த என்றதும் சங்கீதம் கேட்கிற காது நிமிர்ந்திருக்கும். மோகனத்தில் ரி மட்டும்தான் பாக்கி! அதுவும் தூரத்தில் இல்லை. சி தந்தி திறந்தபடி ஸ. அதிலேயே 2ஆவது மெட்டு ரி. இ தந்தி திறந்தபடி க. அதில் 3ஆவது மெட்டு ப. ஏ தந்தி திறந்தபடி த. அதில் 3ஆவது மெட்டு மேல் ஸ. மூன்று தந்தி, மூன்றே அழுத்தம், மோகனம் முழு ஆரோகணம். மேற்கத்தியப் பாடப் புத்தகத்தில் இதை மோகனம் என்று போட்டிருக்க மாட்டார்கள். கர்னாடகப் பாடம் தொடங்கும் குழந்தைகள் படிக்கும் 'வரவீணா' கீதம் இந்த ராகந்தான். உங்கள் மகள் பாட்டு வகுப்புக்குப் போகிறவளாக இருந்தால் அவளைப் பாடச் சொல்லி, நீங்கள் ஒவ்வொரு ஸ்வரமாகத் தேடுங்கள். ஒரு மாதத்துக்குள் வந்துவிடும்.

ஆனால் கமகத்துக்கு ஆசைப்பட வேண்டாம். யுகுலேலேயின் நாதம் மீட்டிய கையோடு அடங்கிவிடும். ஸ்வரத்தை அசைத்து இழுக்க அது நின்று கொடுக்காது. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் அதே மாதிரிச் சின்ன வாத்தியத்தில் கச்சேரியே செய்தார் என்றால், மின்சார மாண்டலினை எடுத்து, இரட்டைத் தந்திகளை விட்டு ஐந்து ஒற்றைத் தந்தி வைத்து, பிறவி மேதைமையும் சேர்ந்ததால். நமக்குத் தாளமும் பாட்டும் போதும்.

பாட்டுக்கு கார்டு வேண்டும், அதாவது தந்திகள் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு. நாலே நாலு. இதை நான் சொல்லும் வரிசையில் படியுங்கள், ஏனென்றால் விரல்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தானாகப் போகும். சி: மோதிர விரல் ஏ தந்தியின் 3ஆவது மெட்டில். அவ்வளவுதான். ஏ மைனர்: அதை எடுத்துவிட்டு நடுவிரலை ஜி தந்தியின் 2ஆவது மெட்டில் வையுங்கள். எஃப்: நடுவிரலை எடுக்கவே வேண்டாம், ஆள்காட்டி விரலை இ தந்தியின் முதல் மெட்டில் கூடுதலாக வையுங்கள். ஜி செவன்: ஆள்காட்டி விரல் அங்கேயே நிற்கட்டும், நடுவிரல் சி தந்தியின் 2ஆவது மெட்டுக்கு இறங்கட்டும், மோதிர விரல் ஏ தந்தியின் 2ஆவது மெட்டில் உட்காரட்டும். அங்கிருந்து மறுபடி சி போக, மோதிர விரலை ஒரு மெட்டு முன்னால் வழுக்கிவிட்டு மற்ற இரண்டையும் தூக்கினால் போதும். சி-யிலிருந்து ஏ மைனர் போகும் ஒரே இடத்தில்தான் கை முழுக்க மாறுகிறது. சினிமாவின் எளிய மெலடிகள் எத்தனையோ இந்த நாலுக்குள் அடங்கிவிடும். முதல் இரண்டு வாரம் முதல் இரண்டை மட்டும். ஜி செவன் வரவில்லையே என்று மூன்றாம் வாரம் யாரும் அழ வேண்டியதில்லை.

இனி உங்கள் தொழிலுக்கே உரிய சங்கதி ஒன்று. மெட்டை அழுத்துகிற கை இடது கை. நாள் முழுக்க பைக்கில் கிளட்ச் பிடிக்கிற கையும் அதுதான். கோவையிலிருந்து தாராபுரம் போய் டவுனுக்குள் பத்துக் கடை ஏறி இறங்கினால், சாயங்காலம் அந்த நாலு விரலும் விறைத்துப் போயிருக்கும். அந்த நிலையில் கார்டு பழகினால் தந்தி கறகறக்கும், 'நமக்கு வராது' என்று தோன்றும், மணிக்கட்டும் நோகும். எனக்கு இது புரியவே ஆறு மாதம் ஆயிற்று. பைக் நாளில் கார்டு பயிற்சியைக் காலையில், வண்டி எடுப்பதற்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் லாட்ஜுக்கு வந்ததும் வெந்நீரில் கை நனைத்து, அரை மணி ஆறவிட்டு, வலது கைக்கு மட்டும் வேலை கொடுங்கள். பஸ் நாளில் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். மரத்துப் போவது, குத்துவது தொடர்ந்து இருந்தால் வாத்தியத்தை மூடிவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

வலது கை வேலை என்றால் ஸ்ட்ரம்மிங். ஆள்காட்டி விரலின் நகத்தால் கீழே, அதே விரலின் சதையால் மேலே. ஓட்டைக்கு மேல் வேண்டாம், கழுத்தும் உடலும் சேருகிற இடத்தில் மீட்டுங்கள், ஒலி மென்மையாக வரும். தாளம் தெரியாது என்று கொங்கு நாட்டுக்காரர் யாரும் சொல்லக்கூடாது. கல்யாணத்திலும் கோயில் நோம்பியிலும் வள்ளி கும்மி இப்போது எங்கு பார்த்தாலும் ஆடுகிறார்கள். மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டியின் பத்திரப்பனுக்கு 87 வயதில் 2024ஆம் ஆண்டின் பத்மஸ்ரீ கிடைத்தது அந்தக் கும்மியைக் காப்பாற்றிக் கற்றுக்கொடுத்ததற்குத்தான். பல கும்மிப் பாட்டுகள் மூன்றன் நடையில் ஓடும். கை தட்டும் இடத்தில் கீழ்வீச்சு, நடுவில் வருவதற்கு மேல்வீச்சு என்று பிரித்துக்கொள்ளுங்கள். இதற்கு வாத்தியமே வேண்டாம், பஸ்ஸில் தொடையில் தட்டிப் பழகலாம். காந்திபுரத்தில் ஏறி ஈரோடு போய்ச் சேரும்வரை தட்டுங்கள். பக்கத்து சீட்டுக்காரர் ஒருமாதிரி பார்த்தால் பெருந்துறையில் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

நேரம் எங்கே என்பதுதான் கடைசியில் எல்லோரும் கேட்பது. ரெப் வேலையில் ஓய்வு கிடையாது, காத்திருப்பு உண்டு. மதியம் ஒன்றரைக்கு முதலாளி சாப்பிட வீட்டுக்குப் போனால் மூன்றரைக்குத்தான் கடைக்கு வருவார். அந்த இரண்டு மணி நேரத்தை போனுக்குத் தின்னக் கொடுத்துக்கொண்டிருந்தேன் நான். ஊருக்கு வெளியே ஒரு வேப்பமரம், வண்டியை ஸ்டாண்டு போட்டு கால் மணி. வாரத்தில் நாலு நாள் கால் மணி கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தைவிட மேல். விரல்கள் மறப்பதற்குள் மறுபடி தொட்டுவிடுகிறீர்களே. ஆனி ஆடியில் உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலை சுற்றுகிற காற்றில் நீங்கள் வாசிப்பது உங்களுக்கே கேட்காது, அன்றைக்கு விரல் மாற்றம் மட்டும் பாருங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள். கடை வாசலில் உட்கார்ந்து வாசிக்காதீர்கள். பாக்கி வசூலுக்குப் போன இடத்தில் பாட்டுக்காரர் என்று பேர் வாங்கினால் செக் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். பட்டவன் சொல்கிறேன்.

லாட்ஜ் சுவர் மெல்லிசு. பக்கத்து அறையில் விடிகாலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் படுத்திருப்பார். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தந்திகளுக்கு அடியில் கைக்குட்டையை மடித்துச் செருகிவிட்டால் ஒலி கால்வாசியாகிவிடும், விரலுக்குப் பயிற்சி குறையாது. நகத்தை விட்டுக் கட்டைவிரல் சதையால் மீட்டினாலும் அடங்கும். ஒன்பது மணிக்குள்ளாக இருந்தால் மொட்டைமாடி நல்லது. எனக்கு முதல் ரசிகர் அப்படிக் கிடைத்த ஒரு வாட்ச்மேன்தான். "அதே பாட்டையேதான் வாசிக்கறீங்க" என்றார், மூன்றாவது வாரம். அதே பாட்டு என்று அவருக்குத் தெரிந்ததே எனக்குப் பெரிய பட்டம்.

புது நைலான் தந்தி முதல் இரண்டு மூன்று வாரம் நீண்டுகொண்டே இருக்கும். சுருதி இறங்குவது வாத்தியத்தின் குறையல்ல, ஒவ்வொரு முறையும் சேர்த்துவிட்டே தொடங்குங்கள். போன் ஆப்பைவிடத் தலையில் கவ்வி மாட்டும் ட்யூனர் வாங்குவது உங்களுக்கு நல்லது: ஆப் காற்றில் வருவதைக் கேட்கும், அதற்கு ஏர்ஹாரனும் ஸ்வரந்தான்; கவ்வி ட்யூனர் மரத்தின் அதிர்வையே வாங்கும், பஸ் ஸ்டாண்டிலும் ஏமாறாது. ஒரு செட் தந்தி உபரியாக பையில் கிடக்கட்டும். கோபியில் சாயங்காலம் தந்தி அறுந்தால் கடை தேடி அலைய முடியாது.

ஆசிரியர் வேண்டுமா? மாதம் ஒருமுறை போதும். யுகுலேலே சொல்லித்தருபவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. கிட்டாரின் கீழ் நாலு தந்திகளை 5ஆவது மெட்டில் பிடித்தால் வருவதும் இதே ஜி, சி, இ, ஏ-தான்; ஜி மட்டும் அங்கே கீழ்ஸ்தாயியில் இருக்கும். அதனால் எந்த கிட்டார் ஆசிரியரும் உங்கள் கையைப் பார்த்துத் திருத்த முடியும். வீடியோ உங்களுக்கு எல்லாம் காட்டும், உங்கள் கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னால் இறுக்கிப் பிடித்திருப்பதை மட்டும் காட்டாது. அதைப் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும். மாதக் கட்டணத்துக்குப் பதில் ஒரு வகுப்புக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள், டூர் ரெப் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

வரும் சனிக்கிழமை கடைக்குப் போகும்போது மகளையும் கூட்டிப்போங்கள். 12ஆவது மெட்டுச் சோதனைக்கு உங்கள் காதைவிட அவள் காது தேறும்.